டிஸ்க் பிதுங்கி நின்றுபோன யோகாவை மறுபடி தொடங்குதல்: "மெதுவாக" என்றால் எவ்வளவு மெதுவாக?

கேள்வி இது: இரண்டு வருடம் ஒழுங்காக யோகா செய்துவந்தவர். கீழ்முதுகில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது) பிதுங்கி, வலி ஒரு கால் வழியாக இறங்கியதால் நான்கு மாதமாக எல்லாம் நின்றுவிட்டது. இப்போது கால்வலி அநேகமாக இல்லை. "மெதுவாக ஆரம்பிக்கலாம்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கே ஆரம்பிப்பது, பழைய ஆசனங்களுக்கு எப்போது போவது, புதிதாகக் கற்பவரைப்போலத்தான் தொடங்க வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், புதிதாகக் கற்பவரைப்போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நிஜமாகவே புதிதாக வருபவருக்கு ஆசனம் தெரியாது. தயங்கித் தயங்கித்தான் செய்வார். அந்தத் தயக்கமே அவருக்குக் காவல். உங்களுக்கு ஆசனம் தெரியும், காவல் இல்லை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு உடம்பில் எல்லாம் ஒரே நாளில் ஊர் திரும்புவதில்லை. முதலில் வந்து சேர்வது பழக்கம். மேட்டை விரித்த இரண்டாம் நாளே கையும் காலும் தானாகப் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். அடுத்து வருவது மூச்சும் தசையும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடைசியாக வருபவை தசையை எலும்போடு கட்டும் நாண்கள், மூட்டுகளைப் பிணைக்கும் பந்தகங்கள், உங்கள் விஷயத்தில் டிஸ்க். இவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. வளர்ந்தவர்களின் டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக்குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள முதுகெலும்புகளிலிருந்து ஊறி வருகிற சத்தை வைத்துத்தான் அது பிழைக்கிறது. அதனால் அதன் கணக்கு வாரங்களில் இல்லை, மாதங்களில்.

இதனால்தான் முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை உள்ள காலத்தில் அதிகம் கவனம் தேவை. முதல் வாரத்தில் பயம் இருக்கும், பார்த்துப் பார்த்துச் செய்வீர்கள். மூன்றாவது வாரம் தசை இளகி, மூச்சு சீராகி, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று தோன்றும். குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்க்கலாமே என்று ஆசை வருவது அப்போதுதான். கீழே சொல்லும் எல்லா அளவுகளும் இந்த ஒரு கணக்கை வைத்தவை: எது மெதுவாகத் தேறுகிறதோ, அதன் வேகம்தான் உங்கள் வேகம்.

மேட்டை விரிப்பதற்கு முன்

"ஆரம்பிக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடாதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள். எந்த அசைவு கூடாது (முன்னால் குனிவதா, பின்னால் வளைவதா, திருகுவதா)? எவ்வளவு காலம் கூடாது? எவ்வளவு எடை தூக்கலாம்? பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் ஏற்கெனவே பார்த்துவருகிறார் என்றால், கீழே வரும் பயிற்சிப் பட்டியலை அவரிடம் காட்டுங்கள்; இரண்டை நீக்கச் சொன்னாலும் நீக்குங்கள். உங்கள் டிஸ்க் எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது என்பதைப் பரிசோதித்துப் பார்த்தவர் அவர்தான்.

பிறகு வீட்டிலேயே நான்கு சின்னச் சோதனைகள். சமதரையில் 20 நிமிடம் நடந்தால் கால்வலி கூடாமல் இருக்கிறதா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார முடிகிறதா? சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, குதிகாலிலேயே பத்து அடி நடக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்தும்போது இரண்டு காலும் ஒரே மாதிரி உயர்கின்றனவா? கடைசி இரண்டும் நரம்புக்கான சோதனை. ஒரு கால் மட்டும் சீக்கிரம் சோர்ந்துபோனால் வலி இல்லாவிட்டாலும் நரம்பு முழுக்கத் தேறவில்லை என்று பொருள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மேலே போங்கள். முதல் இரண்டு முடியவில்லை என்றால் அவைதான் இப்போதைக்கு உங்கள் யோகா. நடையும் எழுந்து உட்காருவதும் இரண்டு வாரம் போகட்டும்.

சில அறிகுறிகள் வந்தால் அன்றே, அந்த வேளையே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தன்னறியாமல் போவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் தட்டுவது. இவை "பொறுத்துப் பார்ப்போம்" வகை இல்லை. நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு இன்னொன்று: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து நீவிவிடாதீர்கள். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம்.

வலியை எப்படி வாசிப்பது

0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுத்துப் பழகுங்கள். செய்யும்போது 3 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த அசைவைக் குறைக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்து மதிப்பெண் பாதிச் செய்திதான். மீதி மறுநாள் காலையில் வரும். எழுந்ததும் முதுகு முந்தின நாள் காலை இருந்த அளவிலேயே இருந்தால் நேற்றுச் செய்தது சரியான அளவு. விறைப்பு கூடியிருந்தால், செய்யும்போது எவ்வளவு சுகமாக இருந்திருந்தாலும் அது அதிகம்.

டிஸ்க் பிரச்சினையில் வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது பெரிய செய்தி. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, பிட்டத்துக்கு ஏறி, முதுகின் நடுவில் வந்து நின்றால் நல்லது, அங்கே கொஞ்சம் கூடுதலாக வலித்தால்கூட. முதுகில் வலி குறைந்து காலில் இறங்கினால் கெட்டது, குறைவாக வலித்தால்கூட. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். "முதுகுவலி போய்விட்டது, காலில்தான் லேசாக இழுக்கிறது" என்று சந்தோஷப்பட்டுத் தொடர்பவர்கள் நிறைய.

தசை நீள்வதையும் நரம்பு இழுபடுவதையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். தசை நீளும்போது அகலமான, மந்தமான இழுப்பு. தொடையின் நடுப்பகுதியில் இருக்கும். நாலைந்து மூச்சில் இளகும். நரம்பு இழுபட்டால் கோடு கிழித்தாற்போல மெல்லிய, சுரீர் என்ற உணர்வு. சில நேரம் முழங்கால் மடிப்புக்குப் பின்னாலோ பாதத்திலோ குறுகுறுக்கும். மூச்சு விட விட இளகாது, கூடும். காலைத் தூக்கிய நிலையில் பாதத்தை உங்களை நோக்கி மடக்கிப் பாருங்கள். பாதத்தை அசைத்ததற்கே தொடையிலும் பிட்டத்திலும் சுரீர் என்று கூடினால் அங்கே பேசுவது நரம்பு. நரம்பை நீட்டிப் பிடித்து வைக்கக் கூடாது. எரிச்சலோடு இருக்கிற நரம்பு இழுக்க இழுக்க இன்னும் எரியும்.

வலி மாத்திரை சாப்பிட்ட அடுத்த சில மணி நேரத்துக்குப் பயிற்சி வேண்டாம். இந்தக் கணக்கெல்லாம் வலியைக் கேட்டுச் செய்வது. மாத்திரை அதன் வாயைக் கட்டிவிடும்.

அதிகாலை வேண்டாம்

யோகா என்றாலே விடியற்காலை என்று ஒரு பழக்கம். இந்த நிலையில் அதை மாற்றுங்கள். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக எழுவதற்கு அதுவே காரணம். உப்பிய டிஸ்க் குனியும்போது அதிக அழுத்தம் வாங்குகிறது. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் அந்த நீரில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. ஆகவே எழுந்ததும் ஒரு மணி நேரம் குனிகிற எதுவும் வேண்டாம். பயிற்சிக்கு முற்பகலோ மாலையோ பரவாயில்லை. குனிந்து பல் துலக்குவதும் தரையிலிருந்து பொருளை எடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். காலைப் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, எழுந்த உடனே கூன் போட்டுக் கட்டிலைச் சரிசெய்தால் பயனில்லை.

முதல் இரண்டு வாரம்: ஒரு நாளைக்குச் சுமார் இருபது நிமிடம்

தேவையானவை ஒரு மேட், இரண்டு கெட்டியான போர்வை, ஒரு தலையணை, ஒரு நாற்காலி, ஒரு நீளமான கம்பு.

மல்லாந்து படுத்து இரண்டு கெண்டைக்கால்களையும் நாற்காலியின் மேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கியிருக்கட்டும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம். வெளிவிடும் மூச்சு நீண்டால் முதுகைக் கவ்விக்கொண்டிருக்கும் தசைகள் பிடியைத் தளர்த்தும். இதை "ஒன்றும் செய்யாத நிலை" என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வலியோடு நாலு மாதம் வாழ்ந்த முதுகுக்கு இதுதான் முதல் பாடம்.

அதே இடத்தில் காலை இறக்கி முழங்காலை மடக்கிக்கொண்டு, இடுப்பெலும்பை மட்டும் மெல்ல ஆட்டுங்கள். முதுகுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒருமுறை குறையும், ஒருமுறை கூடும். பத்து முறை. முழுதாக அழுத்தவும் வேண்டாம், முழுதாக வளைக்கவும் வேண்டாம். வலிக்காத நடுப்பகுதி மட்டும்.

அடுத்தது குப்புறப் படுக்கும் மகராசனம், இரண்டு நிமிடம். வயிற்றுக்கடியில் மடித்த போர்வை வைத்துக்கொள்ளலாம். இதில் கால்வலி மேலே ஏறினால் (முன்பு சொன்ன நல்ல செய்தி) முழங்கையை ஊன்றி மார்பை லேசாக உயர்த்தி முப்பது விநாடி இருந்து இறங்குங்கள், மூன்று முறை. கையை நீட்டி மார்பை முழுக்கத் தூக்கும் புஜங்காசனத்துக்குப் போகாதீர்கள். வலி காலில் இறங்கினால் பின்வளைவு இப்போதைக்கு உங்களுக்கு இல்லை, விட்டுவிடுங்கள். முதுகுவலி என்றாலே புஜங்காசனம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது தவறு. சிலருக்கு அது மருந்து, சிலருக்கு அதுவே காரணம்.

சேதுபந்தாசனம்தான் இந்த இரண்டு வாரத்தின் முதுகெலும்பு. அதனால் அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மல்லாந்து, முழங்கால் மடக்கி, பாதங்கள் இடுப்பளவு அகலத்தில். குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்று அதிகம். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை மென்மையாக அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வெளியே விரியாமல் இருக்க இது. மூச்சை விட்டுக்கொண்டே குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். பிட்டத்தைத் தூக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்; குதிகாலை அழுத்தினால் பிட்டம் தானாக எழும். நான்கு விரற்கடை எழுந்தால் போதும். ஐந்து விநாடி நின்று, முதுகை ஒரே பலகைபோல இறக்குங்கள். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, இன்னொரு எட்டு.

இதில் மூன்று தவறு நடக்கும். தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும்: குதிகால் தூரமாக இருக்கிறது, கிட்டே கொண்டுவாருங்கள். கீழ்முதுகு இறுகும்: அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள், அல்லது பிட்டத்துத் தசை தூங்கிக்கொண்டு முதுகு அதன் வேலையைச் செய்கிறது. விரலால் பிட்டத்தைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் கல்போல் கெட்டியாக இருக்க வேண்டும். நரம்பு பாதித்த பக்கம் பெரும்பாலும் சற்று மெத்தென்று இருக்கும், அந்தப் பக்கக் குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். மூன்றாவது, மூச்சை அடக்குவது. மூச்சை அடக்கி முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி டிஸ்க்கின்மேல் இறங்கும். இருமும்போதும் தும்மும்போதும் முதுகு சுரீர் என்றதே, அதே அழுத்தம்தான். வாய்விட்டு ஐந்து எண்ணினால் மூச்சை அடக்க முடியாது.

பிறகு கம்பு. நின்றுகொண்டு கம்பை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மற்றது இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ள தட்டையான எலும்பு. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பின்னால் இருக்கிற கதவைப் பிட்டத்தால் மூடுவதுபோல இடுப்பைப் பின்னே தள்ளிச் சாயுங்கள். மூன்றில் ஓர் இடத்தில் கம்பு விலகிய கணத்தில் நின்று, அதற்கு ஒரு விரல் முன்பாகத் திரும்பிவிடுங்கள். பெரும்பாலோர்க்கு முப்பது, நாற்பது பாகையிலேயே கம்பு விலகிவிடும். வெட்கப்பட ஒன்றுமில்லை, இத்தனை நாள் இடுப்பில் மடங்காமல் முதுகில் மடங்கியிருக்கிறோம் என்பதுதான் அங்கே தெரிகிறது. பத்து முறை. இதுவே பிற்பாடு உங்கள் உத்தானாசனம் (நின்று குனிவது).

கடைசியில் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துச் சவாசனம், ஐந்து நிமிடம். எழுந்திருப்பதும் பயிற்சிதான்: ஒரு பக்கமாகப் புரண்டு, மேலே இருக்கும் கையைத் தரையில் ஊன்றித் தள்ளி எழுந்து, மண்டியிட்டு, ஒரு பாதத்தை முன்னே வைத்து, நாற்காலியைப் பிடித்து நில்லுங்கள். படுத்த நிலையிலிருந்து வயிற்றை எக்கி நேராக எழுவது, அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்த எல்லாவற்றையும் இரண்டு விநாடியில் கெடுக்கும். நீண்ட ஓய்வுக்குப் பிறகு எழுந்ததும் தலை சுற்றலாம். மண்டியிட்ட நிலையில் அரை நிமிடம் நில்லுங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து

அதிகம் கவனம் தேவைப்படும் காலம் என்று சொன்னேனே, அது இதுதான். விதி ஒன்று: ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். எண்ணிக்கை, பிடித்து நிற்கும் நேரம், அசைவின் அளவு, புதிய ஆசனம் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று. இரண்டைச் சேர்த்துக் கூட்டி வலி வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

சேர்க்கும் வரிசை இப்படி இருக்கலாம். கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி எட்டு விநாடி. பக்கத்துக்கு ஐந்து முறை. இடுப்பின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டால் கால் எவ்வளவு உயர வேண்டும் என்ற கேள்வியே எழாது. அதே நிலையில் பூனைபோல முதுகை மேலும் கீழும் வளைக்கும் மர்ஜாரியாசனம், முழு வளைவில் பாதி. அடுத்த வாரம் குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனம், ஒவ்வொரு காலாக, தரையிலிருந்து ஒரு கையளவு உயரம். பிறகு சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி நிற்கும் உத்கடாசனம், இருபது விநாடியில் தொடங்கி. பிறகு வீரபத்ராசனம் (முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பது), பாதங்களை வழக்கத்தைவிட ஓர் அடி கிட்டே வைத்து. நின்று செய்யும் ஆசனங்கள் இந்த நிலையில் உட்கார்ந்து செய்வதைவிடப் பாதுகாப்பானவை. வேலை காலிலும் இடுப்பிலும் நடக்கிறது, முதுகு நேராகவே இருக்கிறது. உட்கார்ந்து செய்வது சுலபம், நின்று செய்வது கடினம் என்ற எண்ணம் டிஸ்க்குக்குப் பொருந்தாது.

இந்தப் பலம் கூட்டும் பகுதியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வையுங்கள். மூச்சும் இடுப்பு ஆட்டலும் நடையும் தினமும்.

தொடையின் பின்தசை இறுகிக் கிடக்கும். அதை இழுத்துவிட வேண்டும் என்ற வெறியும் வரும். அந்த இறுக்கத்தில் பாதி, உள்ளே இருக்கும் நரம்பைக் காக்க உடம்பு போட்ட தாழ்ப்பாள். தாழ்ப்பாளை உடைக்காதீர்கள். மல்லாந்து படுத்துப் பெல்ட்டால் பாதத்தைப் பிடிக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனத்தில், மற்றக் காலை மடக்கி வைத்து, தூக்கிய காலின் முழங்காலையும் சற்று மடக்கியே வையுங்கள். சுரீர் என்றால் பத்துப் பாகை இறக்குங்கள். அசையாமல் ஒரு நிமிடம் பிடிப்பதற்குப் பதில் மெதுவாக மடக்கி நீட்டி எட்டு முறை செய்வது நரம்புக்கு நல்லது. இழுப்பு பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பிலேயே குத்தினால் அது வேறு கதை: தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம் புண்பட்டிருக்கிறது. முன்வளைவுகளில் மூழ்கிக் கிடக்கும் பழைய பயிற்சியாளர்களுக்கு அடிக்கடி வருவது. அதை நீட்டினால் நாண் எலும்போடு அழுந்தி மோசமாகும். சேதுபந்தாசனம் போன்ற பலப்படுத்தும் வேலைதான் அதற்கு வழி.

எதைத் தள்ளிவைப்பது

பஸ்சிமோத்தானாசனம் (கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது), ஹலாசனம் (மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது), கால் நீட்டி உட்கார்ந்து திருகும் ஆசனங்கள், படுத்த நிலையிலிருந்து எழுந்து முன்னால் மடங்குவது ஆகியவற்றை முதல் மூன்று மாதம் தொட வேண்டாம். காரணம் எளிது. கால் நீட்டி உட்காரும்போது பின்தொடை இழுத்து இடுப்பெலும்பைப் பின்னுக்குச் சாய்க்கிறது. அதற்குமேல் குனிந்தால் இடுப்பு மடங்க இடமில்லாமல் கீழ்முதுகு மட்டும் வளைகிறது. டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம், அதாவது நரம்பு இருக்கும் பக்கம் தள்ளப்படுகிறது.

சூரிய நமஸ்காரத்தைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். பன்னிரண்டு நிலை கொண்ட ஒரு சுற்றில், குனிந்து பாதத்தருகே கை வைக்கும் பாதஹஸ்தாசனம் இரண்டு முறை வருகிறது. பன்னிரண்டு சுற்று என்றால் இருபத்து நான்கு முறை குனிந்து நிமிர்கிறீர்கள், அதுவும் வேகத்தில். ஒவ்வொரு ஆசனமாகப் பார்த்தால் தாங்கும் முதுகு, இந்தத் தொகையைத் தாங்காது. நான்காவது மாதத்தில், குனியும் இடத்தில் நாற்காலியின் இருக்கையில் கை ஊன்றி, ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, அதுவரை வேண்டாம்.

எப்படியும் ஒரு நாள் வலி திரும்பும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பதுதான். ஐந்தாறு நாள் படுக்கையில் விழுவது தவறு. "தம் பிடித்து" தொடர்வதும் தவறு. இரண்டு நாள் மூச்சும் நடையும் மட்டும், பிறகு முந்தின வாரத்துப் பட்டியல். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வகுப்புக்குத் திரும்பும்போது "முதுகில் கொஞ்சம் பிரச்சினை" என்று மென்று விழுங்காதீர்கள். "கீழ்முதுகில் டிஸ்க்; மூன்று மாதம் குனியக் கூடாது; கை வைத்து அழுத்தவோ தள்ளவோ வேண்டாம்" என்று மூன்று வாக்கியம் போதும். கை வைத்துத்தான் சரிசெய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும் ஆசிரியரிடம் இந்தக் கட்டத்தில் போக வேண்டியதில்லை. பெல்ட், கட்டை, நாற்காலி வைத்துச் செய்வதைக் குறைவாகப் பார்க்கும் வகுப்பும் வேண்டாம். அந்தச் சாதனங்களைப் பரப்பிய யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரே 1979-ல் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டு, அடிப்படை ஆசனங்களிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருந்தது.

டிஸ்க் அல்லாத வேறு காரணத்தால் நின்றுபோனவர்களுக்குச் சுருக்கமாக. முழங்கால் என்றால் பத்மாசனமும் வஜ்ராசனமும் கடைசி. பாதம் ஊன்றியிருக்க உடம்பைத் திருகுவது அதைவிட மோசம். தோள் என்றால் கையில் எடை ஏற்றும் ஆசனங்களைச் சுவரில் தொடங்கி, மேசை, நாற்காலி, தரை என்று இறங்குங்கள். மணிக்கட்டு என்றால் முழங்கையை ஊன்றுங்கள், அல்லது உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் மேட்டை மடித்து வைத்துக் கோணத்தைக் குறையுங்கள். வயிற்றில் அறுவை செய்தவர்கள் அறுவை மருத்துவர் சொல்லும்வரை கபாலபாதி (மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது), நௌலி (வயிற்றுத் தசையைச் சுழற்றுவது), படகுபோல எழும் ஆசனங்கள் எதையும் தொடக் கூடாது. வயிற்றின் நடுக்கோடு கூம்புபோலப் புடைத்துக்கொண்டு வந்தால் அந்த அசைவு இப்போதைக்கு உங்களுக்கு அளவுக்கு மீறியது.

நீண்ட காய்ச்சல், வைரஸ் தொற்றுக்குப் பிறகான களைப்பு மட்டும் தனி ரகம். அங்கே "வாரம் ஒன்றைக் கூட்டு" என்ற விதியே செல்லாது. செய்யும்போது நன்றாக இருக்கும், ஒன்றிரண்டு நாள் கழித்து ஆளைச் சாய்த்துவிடும். அப்படிச் சாய்ந்தால் அது சோம்பல் இல்லை, உழைப்புக்குப் பின்வரும் சரிவு. களைப்பு தொடங்குவதற்கு முன்பே, முடிகிற அளவில் பாதியில் நிறுத்த வேண்டும்; சரிவே இல்லாமல் சில வாரம் ஓடிய பிறகுதான் கூட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குனிவதற்குத் திரும்புதல்

நான்காவது மாதம், கால்வலி ஆறு வாரமாக இல்லை, கம்பு மூன்று இடத்திலும் தொட்டபடி அறுபது பாகைவரை சாய முடிகிறது, குதிகால் சோதனையில் இரண்டு காலும் சமம். இந்த நான்கும் சேர்ந்தால் குனியத் தொடங்கலாம். முதல் படி, சுவரில் கை ஊன்றி உடம்பு மேசைபோல ஆகும்வரை. இரண்டு வாரம் கழித்து நாற்காலியின் இருக்கையில் கை. மேலும் இரண்டு வாரம் கழித்து கட்டைகளின்மேல், முழங்காலை நன்றாக மடக்கி, வயிறு தொடையில் படும்படி. முழங்கால் மடங்கியே இருக்கட்டும். கால் நேராவது இந்தப் படியின் நோக்கம் இல்லை. உட்கார்ந்து குனிவது இதற்கும் பிறகு, மடித்த இரண்டு போர்வைகளின் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்பெலும்பு முன்னே சாயும்படி. போர்வையில் உட்கார்ந்தும் இடுப்பு முன்னே சாயவில்லை என்றால் உயரத்தைக் கூட்டுங்கள், குனிவைக் கூட்டாதீர்கள்.

ஒவ்வொரு படியிலும் ஐந்து மூச்சு, மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள். மறுநாள் காலை எழுந்து ஒரு மணி நேரம் கழித்துச் செருப்பு மாட்டக் குனியும்போது முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.